தளர்நடை

மக்கள் யாவரும் நடக்கின்றனர். ஆயினும், தாம் நடக்கக் கற்ற நாளை நினைவிற் கொண்டிருப்பார் ஒருவரும் இலர். நினைவாற்றல் முதிருமுன்னரே அக்கல்வி முற்றுப்பெற்று விடுகின்றது. அதனால், நடை என்பது மூச்சு விடுதல்போலத் தானே வந்ததொன்றென நாம் கருதி வருகின்றோம். உண்மை அஃதன்று. ஓராண்டுக் காலம் இடையறாது முயன்று, எண்ணற்ற முறை விழுந்து எழுந்து, ஒவ்வொரு குழவியும் தன் முயற்சியால் ஈட்டிக்கொள்ளும் அருங்கல்வி அது.

இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பருவங்களை நோக்குக. 5-ஆம் திங்களிற் செங்கீரை. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் பருவம் அது. 9-ஆம் திங்களிற் சப்பாணி. குழவி அமர்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் பருவம். 13-ஆம் திங்களில் வருகை. தளர்நடையிட்டு வருக என்று தாய் கைநீட்டி அழைக்கும் பருவம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில், 21-ஆம் திங்களில், சிறுதேர் உருட்டல். புலவர் இவற்றை அழகு கருதிப் பாடினர். மருத்துவர் ஒருவர் நோக்கினும் இவ்வரிசையிற் பிழை காணார். முதலில் தலை நிலைபெறுகின்றது. பின்னர் உடல் நிலைபெறுகின்றது. உடல் தானே நிமிர்ந்தமரக் கற்றபின்னரே, அதுகாறும் நிலத்தில் ஊன்றியிருந்த கைகள் விடுதலை பெற்றுக் கொட்டத் தொடங்குகின்றன. அதன்பின்னரே கால் நிலைபெறுகின்றது.

இவ்வரிசை முறைப்படி நிகழப்பெறாத குழவிகளும் உளர். 1,000 பிறப்பில் ஏறத்தாழ 2 குழவிகளுக்கு நேரும் மூளை முடக்குவாதம் அதற்கொரு பெருங்காரணம். என் தம்பி அத்தகையோருள் ஒருவன். அவனை முன்னிட்டே யான் இப்பொருளைக் கற்கலானேன். தமிழ் பயிலும் மாணவன் மருத்துவம் பேசுதல் மிகை என்று கருதுவோர் அதுபற்றிப் பொறுத்தருள்வாராக.

நோயின் இயல்பு

மூளை முடக்குவாதம் என்பது தனியொரு நோயன்று. ஒரு தொகுதிக்கு இட்ட பெயர். வளர்ந்துவரும் மூளையில், பிறக்குமுன்னரோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்துக்குள்ளோ நேர்ந்த ஊறுபாட்டால் உடலின் இயக்கமும் நிலையும் கெடுதலே அதன் இலக்கணம். அது தொற்றுவதன்று. மூளையில் நேர்ந்த ஊறு மேன்மேலும் பரவுவதும் அன்று. ஆனால், உடல் வளருந்தோறும் அதன் விளைவு வேறுபட்டுக்கொண்டே செல்லும். அறிவுக் குறைவு இதனோடு எப்போதும் கூடி வருவதென்று கருதுதலும் பிழை. கால் தடுமாறும் பிள்ளைகளுட் பலர் கணக்கிலும் மொழியிலும் நம்மை வெல்லவல்லார்.

இந்நோயை முறைப்பட ஆராய்ந்து எழுதியவருள் முதல்வராக மதிக்கப்படுபவர், 1810-இல் இலண்டனிற் பிறந்த வில்லியம் ஜான் லிட்டில் என்னும் அறுவை மருத்துவர். இளமையில் நோயுற்று ஒரு பாதம் திருகிப்போன இவர், மருத்துவராகிய பின்னர் ஜெர்மனி சென்று, 1836-இல் ஹானோவர் நகரில் ஸ்ட்ரோமேயர் என்பாரிடம் தம் காலுக்கே அறுவை செய்துகொண்டு நலம்பெற்றுத் திரும்பினார். கால் முடங்கிய பிள்ளைகளின்பால் இவர் மனம் சென்றது வியப்பன்று. 1861-இல் இலண்டன் மகப்பேற்று மருத்துவர் கழகத்தில் இவர் படித்த கட்டுரைக்குப் பின்னர், இந்நோயின் ஒரு வகை நெடுங்காலம் 'லிட்டில் நோய்' என்றே வழங்கிற்று. பேற்றின்போது குழவி மூச்சின்றித் திணறுதலே பெருங்காரணம் என்பது இவர் கொள்கை. பின்னாளில் கனவாராய்ச்சியாற் பெயர்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, 1897-இல் இதனை மறுத்து, அரிய பேறும் குழவியின் நோயும் கருவிலேயே தோன்றிய வேறொரு கேட்டின் விளைவாக இருத்தல் கூடும் என்றார். பேற்றின்போது நேரும் திணறலால் வருவன ஒரு சிறு பகுதியே எனப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. நம் வீடுகளிற் பெற்ற தாயையே பழிப்பவர் இதனை அறிதல் நன்று.

நிறைமாதத்துக்கு முன்னர்ப் பிறக்கும் குழவிகளிடம் கால்களே மிகுதியும் தாக்கப்படுதல் ஏன் எனச் சிலர் வினவலாம். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உள. அவற்றைச் சூழ்ந்த வெண்பொருள் நிறைமாதமாகாத குழவியிடத்தில் எளிதில் ஊறுபடுவது. மூளையினின்று கால்களுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பிழைகள் அவ்வறைகளை அடுத்தே இறங்குகின்றன. கைகளுக்குரியவை சற்று விலகிச் செல்கின்றன. ஆதலின், கை ஓரளவு தப்ப, கால்கள் இரண்டும் விறைப்புறுகின்றன. முழந்தாள்கள் ஒன்றோடொன்று உரச, குதிகால் நிலந்தோயாமல், விரல் நுனியில் நடக்கும் பிள்ளைகளை நாம் கண்டிருப்போம். அது இவ்வகை.

நிலைபேறு யாது?

நடைக்கு முற்பட்டது நிலைபேறு. அசையாமல் நிற்றலே நிலைபேறு என்று நாம் எண்ணுகின்றோம். ஒரு காலை மடக்கிக் கண்ணை மூடி நின்று பார்ப்பவர்க்கு அது பிழையென விளங்கும். ஊன்றிய காலின் கணுக்கால் இடையறாது அங்குமிங்கும் அசைந்து உடலைத் திருத்திக்கொண்டே இருக்கும். சிறுவர் ஒரு கோலை உள்ளங்கையில் நட்டு நிறுத்தி விளையாடுவர். கோல் நிற்பது கை ஓயாது நகர்வதனால். நம் உடலும் அத்தகைய கோலே. கண்ணும், செவியின் உட்பகுதியும், பாதமும் மூட்டுகளும் தரும் உணர்ச்சியும் என மூன்று தூதர் உடலின் சாய்வை மூளைக்கு அறிவிக்க, மூளை நொடிப்பொழுதில் உரிய தசையை ஏவுகின்றது.

விறைப்புடைய பிள்ளைக்கு இவ்வேலை எத்துணை அரிது என்பதை எண்ணிப் பார்க்க. மூட்டின் முன்னும் பின்னும் உள்ள தசைகள் ஒன்று இழுக்க ஒன்று தளர்வதை விடுத்து, இரண்டும் ஒருங்கே இறுகிக்கொள்கின்றன. இறுகிய தசை வலியதென்று நினைத்தலும் ஆகாது. அது விறைப்பும் உடையது, வலிவும் குன்றியது. என்பு வளரும் விரைவுக்கு அத்தசை ஈடுகொடுக்க மாட்டாமையால், ஆண்டு ஏற ஏறக் கெண்டைக்காலும் தொடையும் குறுகியிழுக்கின்றன. விரல்நுனியில் நிற்பதனால் ஊன்றும் பரப்போ மிகச் சிறிது. இவற்றின்மேல் விழுவோமென்னும் அச்சம் சேர, அவ்வச்சமே உடலை மேலும் விறைப்பிக்கின்றது.

கை வைத்தியமும் கால் முயற்சியும்

இனி, இதற்குச் செய்யத்தக்கது யாது என்று காண்போம். 1940-களில் இலண்டனில் வாழ்ந்த பெர்த்தா போபாத், காரெல் போபாத் என்னும் துணைவர், பயிற்சியாளர் தம் கைகளாற் பிள்ளையின் உடலைத் தாங்கி, தவறான அசைவை அடக்கி, நேரிய அசைவை உணர்த்தும் ஒரு முறையை வகுத்தனர். அது உலகெங்கும் பரவிற்று. முடங்கிய பிள்ளைகளைப் படுக்கையில் விட்டுவிடாமல் அவர்பால் நம்பிக்கை வைத்த பெருமை அவர்க்குண்டு. ஆயினும், வலிவுப் பயிற்சி விறைப்பை மிகுவிக்கும் என்றோர் அச்சமும் அக்காலத்திற் பரவியிருந்தது. 1990-களில் அமெரிக்க நாட்டு டயேன் டமியானோ முதலியோர் பிள்ளைகளின் தொடைத்தசைகளுக்கு எடை தூக்கும் பயிற்சி அளித்து, வலிவு மிகுதலையும் விறைப்பு மிகாமையையும் காட்டினர்.

அன்று தொட்டு ஆராய்ச்சியின் போக்குப் பெரிதும் மாறிற்று. பிறர் கை பிள்ளையின் காலை அசைத்தலால் கால் நடக்கக் கற்பதில்லை. பிள்ளையே தன் காலை அசைத்து, தவறி, திருத்திக் கற்க வேண்டும் என்பதே இன்று தெளிந்த முடிபு. 2022-இல் ஆஸ்திரேலியாவின் மிஷெல் ஜாக்மன் முதலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட வழிகாட்டி இதனை விளங்க உரைக்கின்றது. குறிக்கோளைப் பிள்ளையே தேர்தல் வேண்டும். அச்செயலைத் துண்டு துண்டாக அன்றி முழுமையாகவே பயிலுதல் வேண்டும். அது நிகழும் இடத்திலேயே, வீட்டிலோ பள்ளியிலோ தெருவிலோ, பயிலுதல் வேண்டும். பலமுறை பயிலுதல் வேண்டும்.

இதன் பொருளை யான் நூலிற் படிக்குமுன் என் வீட்டு வாசலிலே கண்டேன். என் தம்பி நிறைமாதத்துக்குப் பத்து வாரம் முன்னர்ப் பிறந்தவன். நான்கு வயது வரை தாயின் இடுப்பே அவனுக்கு ஊர்தி. வளர வளரச் சரியாகும் என்றார் ஒருவர். நாள்தோறும் எண்ணெய் தேய்த்து நீவுக என்றார் மற்றொருவர். இரண்டும் குறைவறச் செய்தோம். கால் மென்மையாயிற்று, நடை வரவில்லை. பின்னர் வந்த இயன்முறைப் பயிற்சியாளர் ஒருவர், எங்களை விடுத்து அவனையே நோக்கி, "தம்பி, உனக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அதுகாறும் அவனை அவ்வாறு கேட்டார் எவருமிலர். அவன் சிறிதும் தயங்காமல், "பால்காரர் வரும்போது நானே செம்பை நீட்ட வேண்டும்" என்றான்.

அன்று முதல் அதுவே பாடமாயிற்று. தாழ்ந்த முக்காலியினின்று கை ஊன்றாமல் எழுதல். நாள்தோறும் சிலவாகத் தொடங்கிப் பலவாகப் பெருகிற்று. பின்னர்ச் சுவரோரம் பக்கவாட்டில் அடி வைத்தல். பின்னர் வாசற்படியில் ஏறி இறங்கல். பின்னர் வெறுஞ் செம்பை ஏந்தி நிற்றல், பின்னர் அதில் ஒரு கை நீர், பின்னர் அரைச்செம்பு. கையில் நீர் இருக்கும்போது கண்ணும் கருத்தும் செம்பின்மேற் செல்ல, கால் தன் வேலையைத் தானே செய்யக் கற்கின்றது. நிலைபேற்றுப் பயிற்சியின் மறை இதுவே எனப் பின்னர் உணர்ந்தேன்.

யான் ஒரு பிழை செய்துவந்தேன். அவன் தள்ளாடியபோதெல்லாம் ஓடிச்சென்று தூக்கினேன். அதனைக் கண்ட பயிற்சியாளர், "நீ தூக்குந்தோறும் அவனுக்கு ஒரு பாடம் போகின்றது" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. அன்பென்று யான் நினைத்தது அவன் கல்விக்குத் தடையாயிற்றே! அதன்பின், பாய் விரித்த இடத்தில் விழவும், கையூன்றி விழவும், விழுந்தபின் யாரையும் அழையாமல் எழவும் அவனுக்குக் கற்பித்தனர். யான் ஒரு கை தொலைவில் நின்று காக்க மட்டுமே கற்றேன். இரண்டினுள் எனக்கு வாய்த்த பாடமே அரிதாயிருந்தது.

துணைக் கருவிகளும் மருத்துவமும்

முயற்சி ஒன்றே போதும் என்று கூறினேனல்லேன். கணுக்காலை நேர்நிறுத்தி, குதிகாலை நிலந்தோயச் செய்யும் இலேசான தாங்கிகள் உள. பிள்ளையின் முன்னே தள்ளப்படாமல் பின்னே இழுபட்டு வரும் நடைதாங்கி, அவன் முன்குனியாது நிமிர்ந்து நடக்க உதவும். ஓடும் பட்டைமேல் நடக்கும் பொறியிற் பயிலுதல் நடையின் விரைவை மிகுவிக்கும். விறைத்த தசையில் பொட்டுலினம் என்னும் மருந்தைச் செலுத்துதல் 1990-களில் வழக்கிற்கு வந்தது. அதன் பயன் ஏறத்தாழ மூன்று திங்களளவே நிற்பதாகலின், அவ்விடைக்காலத்திற் பயிற்சி மிகுதல் இன்றியமையாதது. தக்க பிள்ளைகளைத் தேர்ந்து, முதுகந்தண்டில் உணர்ச்சி நரம்பிழைகள் சிலவற்றை அறுத்து விறைப்பைக் குறைத்தலும் உண்டு. குறுகிய தசைநார்க்கும் திருகிய என்புக்கும் ஆண்டுக்கொன்றாக அறுவை செய்தலை விடுத்து, நடையை நன்கு அளந்தறிந்து, வேண்டுவன யாவும் ஒருமுறையிலேயே செய்தல் இக்கால வழக்கு. இவ்வனைத்தும் வழியமைப்பன, அவ்வழியில் நடப்பது பிள்ளையின் வேலை.

பெற்றோர் மறக்கலாகாத ஒன்றுண்டு. விறைத்த தசையின் இழுப்பால் தொடையெலும்பு இடுப்புக் குழியினின்று சிறிது சிறிதாக நழுவக்கூடும். வலி தோன்றுமுன்னரே அது நிகழும். தென் சுவீடனில் 1994 முதல் இத்தகைய பிள்ளைகளின் இடுப்பைக் குறித்த காலந்தோறும் எக்ஸ்-கதிரால் நோக்கி, உற்றபோது மருத்துவம் செய்து வந்தமையின், இடுப்பு நழுவுதல் அங்கு மிக அருகிவிட்டது.

விரைவில் நடக்கச் செய்வோம் என்று பெரும்பொருள் கவரும் முறைகள் குறித்தும் விழிப்பு வேண்டும். மிகுந்த அழுத்தமுள்ள அறையில் உயிர்வளி ஊட்டுதல் மிக்க நலந்தரும் என்றொரு கூற்று எழுந்தது. 2001-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 111 பிள்ளைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு உயிர்வளியும், மற்றையோர்க்குச் சிறிதே அழுத்திய வெறுங்காற்றும் தந்து சோதித்தனர். இரு பகுதியாரும் ஒரே அளவே முன்னேறினர்.

எல்லையும் ஏற்பும்

எல்லாப் பிள்ளைகளும் நடப்பரோ? நடவார். இவ்வுண்மையை மறைத்தல் அறமன்று. ஏறத்தாழ மூவரில் இருவர், தாமாகவோ கோலூன்றியோ, நடக்கின்றனர். 1997-இல் ராபர்ட் பாலிசானோ முதலியோர் இப்பிள்ளைகளின் இயக்கத்திறனை ஐந்து படிகளாக வகுத்தனர். முதற்படியினர் தடையின்றி நடப்பர். இரண்டாம் படியினர் மேடுபள்ளத்திலும் நெடுந்தொலைவிலும் இடர்ப்படுவர். மூன்றாம் படியினர் கைத்தாங்கி கொண்டு நடப்பர். நான்காம் படியினர் பெரும்பாலும் சக்கர நாற்காலியிற் செல்வர். ஐந்தாம் படியினர் பிறரால் ஏந்திச் செல்லப்படுவர். 2002-இல் பீட்டர் ரோசன்பாம் முதலியோர், ஒன்டாரியோ மாகாணத்து 657 பிள்ளைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்து, தத்தம் படிக்கு இயலும் இயக்கத்திறனில் 90 விழுக்காட்டைப் பிள்ளைகள் ஐந்து வயதளவிலோ அதற்கு முன்னரோ அடைந்துவிடுதலைக் கண்டனர். ஆதலின், வளர வளரச் சரியாகும் என்று காத்திருத்தல் விலைமதிப்பற்ற ஆண்டுகளை இழத்தலாகும். பின்வரும் ஆண்டுகளிற் பயிற்சி வீண் என்பதும் இதன் கருத்தன்று. பெற்றதைக் காத்தற்கும், உடல் நெடிதாகும்போது நிலைதிருத்திக் கொள்ளுதற்கும் அது வேண்டும்.

நான்காம் ஐந்தாம் படிப் பிள்ளை நடவாமை யாருடைய தோல்வியும் அன்று. வேண்டுவது செல்லுதல், நடத்தல் அதற்கொரு வழி. சக்கர நாற்காலியில் தானே நூல்நிலையம் செல்லும் பிள்ளை, பிறர் தோளிற் சாய்ந்து நான்கடி நடக்கும் பிள்ளையினும் தாழ்ந்தவன் அல்லன். நம் நாட்டில் இக்கருத்தை ஊன்றியோருள், 1972-இல் மும்பையில் இத்தகையோர்க்கெனக் கழகம் கண்ட மிது அலூர் அம்மையாரும், 1985-இல் சென்னையில் பின்னர் வித்யாசாகர் எனப் பெயர்பெற்ற நிலையத்தைத் தொடங்கிய பூனம் நடராஜன் அம்மையாரும் குறிக்கத்தக்கவர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் சுட்டியே கூறுகின்றது. உரிமை ஏட்டில் உளது. சாய்தளம் நம் கட்டடங்களிலும் வேண்டும். கல்லூரி நூல்நிலையத்தின் படிகளை ஏறும்போதெல்லாம், இவை யாரைத் தடுக்கின்றன என்று யான் எண்ணுவதுண்டு. நண்பர்களும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

நிற்க. ஒரு சொல்லைப் பற்றிக் கூறி முடிப்பேன். சப்பாணி என்னும் சொல் பிள்ளைத்தமிழிற் குழவி கைகொட்டும் களிப்பைக் குறிக்கும். தெருவிலோ, கால் முடங்கியவரை இழித்துக் கூவும் சொல்லாக அது வழங்குகின்றது. அவை இரு வேறு சொற்களோ, ஒரு சொல்லின் இரு பொருள்களோ, சொல்லாராய்ச்சியார் முடிவு செய்க. என் தம்பியை அச்சொல்லால் அழைத்தவரும் உளர். அவன் வீட்டிற்கு வந்து, "அண்ணா, அதற்கு என்ன பொருள்?" என்று என்னைக் கேட்டான். யான் செய்யுளிற் படித்த பொருளையே அவனுக்குச் சொன்னேன். பொய் சொன்னேனல்லேன், பாதி சொன்னேன்.

இப்போது அவனுக்குப் பதினொரு வயது. கணுக்கால் தாங்கி அணிந்து நடக்கின்றான். கூட்டத்திலும் மேட்டிலும் கோல் வேண்டும். விழுகின்றான், எழுகின்றான். காலையிற் பால்காரரின் மணியோசை கேட்டதும், எங்கள் வீட்டிற் செம்பை எடுப்பவன் அவனே. படியில் இறங்கும்போது சிறிது பால் சிந்துவதுண்டு. அம்மா அதனைத் துடைத்துக்கொள்வார்; ஒன்றும் சொல்லார்.